மைனஸ் அஞ்சு

தேய்ந்துபோன லோரி டயரைச் சுரண்டி, மேலே புது ரப்பரைச் சுற்றி, வேக வைத்து எடுத்தால் அது இன்னொரு ஆயுளுக்கு ஓடும். அதைத்தான் ‘செலுப்’ டயர் என்கிறார்கள். மலேசியாவில் கிள்ளான் பக்கத்து மேருவில் அப்படி வேக வைக்கிற இடங்கள் இன்னும் சில இருக்கின்றன. ரெங்கசாமியின் தொழிற்சாலை அவற்றில் ஒன்று. வேக வைக்கிற பெரிய இரும்புப் பீப்பாய்க்கு சேம்பர் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் திருச்செல்வம். ஆகவே அவர் பெயரும் சேம்பர் செல்வம் என்று ஆகிப்போனது. கிள்ளானில் அவர் கல்யாணப் பத்திரிகை நீட்டினால்கூட, “யாரு, சேம்பர் செல்வமா?” என்றுதான் கேட்பார்கள்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இருந்தும் அவரை வீட்டுக்குப் போ என்று சொல்ல ரெங்கசாமிக்குத் துணிச்சல் வரவில்லை. திருச்செல்வம் சொந்தக்காரரும் இல்லை, யூனியன் ஆளும் இல்லை. சேம்பருக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரி நின்றது. எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எத்தனை நேரம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த அலமாரி. அதை எழுப்பவும் தூங்க வைக்கவும் தெரிந்த ஒரே ஆள் திருச்செல்வம். மனுஷனின் சோறு அதில்தான் இருந்தது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

அலமாரிக்குள் ஒரு பச்சைப் பலகை. பலகையின் நடுவில் நாற்பது கால்களோடு ஒரு கறுப்புச் சில்லு, மரவட்டை மாதிரி. எட்டு பிட் புரோசசர். பெயர் எண்பது எண்பது. எழுபத்து நான்காம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. இன்று கைப்பையில் கிடக்கிற போன்களுக்கு முன்னால் அதை மூளை என்று சொல்லவே வெட்கமாக இருக்கும். உள்ளே சில ஆயிரம் டிரான்சிஸ்டர்கள்தான். ஒரு தடவைக்கு எட்டு ‘உண்டு, இல்லை’களைத்தான் சேர்த்துப் பார்க்கத் தெரியும். ஆனால் டயர் வேக வைக்க அது போதும், தாராளம்.

அதன் பூர்வீகமே ஒரு வேடிக்கை. அதற்கு முன்னால் ஓர் அண்ணன் சில்லு இருந்தது. மேசைமேல் வைக்கிற ஒரு டெர்மினலுக்காக ஒரு கம்பெனி அதைக் கேட்டிருந்தது. செய்து முடிப்பதற்குள் கேட்டவர்கள் ‘ரொம்ப மெதுவு, எங்களுக்கு வேண்டாம்’ என்று கையை விரித்துவிட்டார்கள். செய்தவர்கள் அதைத் தூக்கிப் போடாமல் தாங்களே சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பதினெட்டே கால்கள். எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்வதும், அங்கே என்ன இருக்கிறது என்று சொல்வதும் அதே கால்கள் வழியாகத்தான் மாறி மாறிப் போய்வர வேண்டும். குறுகல் சந்தில் இரண்டு லோரி எதிரெதிரே வந்த கதை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த நாற்பது கால்காரன் பிறந்தான்.

பிறந்தவன் ஒரு தொல்லையோடு பிறந்தான். அவனுக்கு மூன்று விதமான கரண்ட் வேண்டும். பிளஸ் பன்னிரண்டு வோல்ட், பிளஸ் ஐந்து, மைனஸ் ஐந்து. பன்னிரண்டும் ஐந்தும்தான் வேலை செய்யும். மைனஸ் ஐந்து சில்லின் அடித்தளத்தைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே. ஆனால் அது பிடிக்காத நேரத்தில் பன்னிரண்டு வந்து ஏறிவிட்டால் தீர்ந்தது கதை. போகக்கூடாத வழியில் எல்லாம் கரண்ட் போய் உள்ளே வெந்துவிடும். மைனஸ் அஞ்சு முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். பன்னிரண்டு கடைசியில் வந்து முதலில் போக வேண்டும். செய்தவர்களே புத்தகத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்கள். சில வருடங்களுக்குள் ஒரே ஐந்து வோல்ட்டில் ஓடுகிற சில்லுகள் வந்துவிட்டன; இந்தச் சில்லைச் செய்த ஆட்களிலேயே சிலர் வெளியேறிப் போய் அப்படி ஒன்றைச் செய்தார்கள். அதற்குள் இந்த அலமாரியைக் கட்டியவன் கட்டிவிட்டான், ரெங்கசாமியின் அப்பாவும் அதை வாங்கிவிட்டார்.

திருச்செல்வம் அப்போது மீசை முளைத்த கையோடு வயர்மேனுக்குக் கையாளாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா ரயில்வே பிட்டர். அலமாரியைப் பொருத்த சிங்கப்பூரிலிருந்து வந்த சீனப் பொறியாளர் ஒருவர் கதவைத் திறந்து அந்தக் கறுப்புச் சில்லைக் காட்டியபோது திருச்செல்வத்துக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சில்லுக்குள் ஏ, பி, சி, டி, ஈ, எச், எல் என்று ஏழு சின்ன அறைகள் உண்டு, எண்களை அதில்தான் எடுத்து எடுத்து வைத்துக்கொள்ளும் என்று அந்த ஆள் சொன்னதை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். அம்மா, “அதுக்குள்ளயும் ஏழு ரூமா? நமக்கு ரெண்டுதானேடா,” என்று சிரித்தாராம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்து எலக்ட்ரானிக்ஸ் படித்தார். சிலர் பெண் பார்க்கப் போகிற வயதில் இவர் டேட்டா புத்தகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று கரண்ட்டையும் வரிசையாக விடுவதற்கு அலமாரியில் ஆரம்பத்தில் ஒரு ரிலே இருந்தது. பல வருடம் கழித்து அது செத்தது. மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. திருச்செல்வம் மூன்று சுவிட்சுகளைப் போட்டு, கையாலேயே வரிசையாக ஏற்றி இறக்கும்படி செய்தார். கரண்ட் கட் ஆனாலும் மைனஸ் அஞ்சு மட்டும் சாகாமல் இருக்க ஒரு லோரி பேட்டரியையும் அந்த மைனஸ் அஞ்சு சுவிட்சின் வழியாகவே இணைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்க முடியாது. இடது சுவிட்ச் பன்னிரண்டு. நடுவில் மைனஸ் அஞ்சு. வலது, பிளஸ் ஐந்து. ஆக, நடுவில் இருப்பதை முதலில் போட வேண்டும், அப்புறம் வலது, கடைசியில் இடது. வசதிக்காக அப்படிப் போட்டாரா, வேண்டுமென்றே போட்டாரா என்று சத்தியம் செய்யச் சொன்னால் அவரே திணறுவார்.

லேபிள் ஒட்டவில்லை. நாளைக்கு ஒட்டலாம் என்று முதலில் சொல்லிக்கொண்டார். பிறகு அப்படிச் சொல்லிக்கொள்வதையும் விட்டுவிட்டார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. கம்ப்ரசரைப் பார்த்துக்கொண்ட அய்யாவு என்று ஒருவர், திருச்செல்வத்தின் கூட்டாளி. தொழில் மந்தமான ஒரு வருடம், ரெங்கசாமி அவரிடம் நைசாகப் பேசி, கம்ப்ரசர் வேலையை இரண்டு காண்ட்ராக்ட் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். அவரும் சந்தோஷமாக, ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டில் சாப்பாட்டு டப்பாவோடு நின்ற அய்யாவு, “என்னடா செல்வம், நானே என் தலையில மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேனே,” என்றார். திருச்செல்வம் அன்றைக்கு முடிவு செய்ததுதான். அந்த வரிசை தன் கையைவிட்டு வேறு கைக்குப் போகக் கூடாது.

லோகன் வந்து சேர்ந்தது அதற்கெல்லாம் பின்னால். ஜெஞ்சாரோமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். முப்பது வயதைத் தாண்டியவன், மனைவி மலர், இரண்டு பிள்ளைகள். சேம்பருக்குள் டயர் ஏற்றி இறக்குகிற வேலை. வெக்கையில் வேகிற வேலை. வாயும் கையும் சும்மா இருக்காது. யாருக்கு என்ன என்றாலும் முதலில் ஓடுகிறவன் அவன்தான். திருச்செல்வத்துக்குக் கடையிலிருந்து டீயைப் பையில் கட்டி, தாப்பாவ் வாங்கி வருவதும், அவர் காரில் டயர் பஞ்சர் என்றால் கழற்றிக்கொண்டு நிற்பதும் அவன்தான். ஒருநாள் அலமாரியைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

“அண்ணே, இது எப்படி ஆன் பண்றதுன்னு காட்டிக் குடுங்களேன். நீங்க லீவுல இருந்தா நான் பாத்துக்குவேன்ல?”

“காட்டலாம், காட்டலாம். என்ன அவசரம் லா?” என்றார் திருச்செல்வம். அந்தக் ‘காட்டலாம்’ வருடக்கணக்காக அப்படியே கிடந்தது. லோகனும் விடாப்பிடியாகக் கேட்கிறவன் இல்லை.

போன வருடம் புரட்டாசியில் திருச்செல்வத்துக்கு நெஞ்சு வலித்தது. வேலையிடத்திலேயே வியர்த்துக் கொட்டி உட்கார்ந்துவிட்டார். லோகன்தான் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிள்ளானில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் படுக்க வைத்தார்கள். மனைவி இராஜம்மா கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றபோது, அந்த அம்மாவுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து வார்டுக்கும் வாசலுக்கும் அலைந்தது யார் என்கிறீர்கள்? லோகன்தான்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் சாயங்காலம் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டிலோரம் நின்றான்.

“அண்ணே, நாளைக்கு பூசை. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. உங்க மெஷினுக்கு நானே பாத்துச் செஞ்சுடறேன்.”

அந்தத் தொழிற்சாலையில் ஆயுத பூசை என்றால் சாதாரணம் இல்லை. எல்லா மெஷினையும் அணைத்து, கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, லோரிச் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். ஓடுகிற மெஷினுக்குப் பொட்டு வைக்க மாட்டார்கள். வருடம் முழுக்க உழைத்ததற்கு அன்றைக்கு ஓய்வு. அலமாரிக்கும் ஓய்வு உண்டு. மற்றவர்கள் வடையைச் சுற்றி நிற்கும்போது திருச்செல்வம் தனியே போய் அணைப்பார், பூசை முடிந்ததும் தனியே போய் எழுப்புவார். யார் கண்ணிலும் படாமல் முடித்துவிடுவார்.

அவன் சொன்னதும் அவருக்குத் திக்கென்றது. நாக்கு நுனியில் வந்துவிட்டது: நடுவில் இருக்கிறதை முதலில் போடுடா. நாலு வார்த்தை. பக்கத்துக் கட்டில்காரருக்குப் பார்வையாளர்கள் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இராஜம்மா பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். அய்யாவுவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. நெஞ்சில் ஸ்டென்ட் வைத்துப் படுத்துக் கிடக்கிறவன் இதையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு ரெங்கசாமிக்குத் தான் எதற்கு?

“அந்த அலமாரிய மட்டும் தொடாத லோகா. வெளிய பொட்டு வச்சா போதும்,” என்றார்.

“சரிண்ணே, சரிண்ணே. நீங்க தூங்குங்க.”

தொடாதே என்றார். ஏன் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. இந்த மனுஷனை என்னவென்று சொல்ல!

லோகன் போகும்போது அவன் மனசில் ஓடியது வேறு. அண்ணன் எப்போதும் இப்படித்தான், அடுத்தவனுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று நினைக்கிற ஆள். அவர் சாகக் கிடக்கிற நேரத்தில் அவர் மெஷினை மட்டும் ஓயாமல் ஓட விட்டு மேலே பொட்டு வைப்பதா? எல்லா மெஷினும் ஓய்வெடுக்க, அண்ணனுடைய மெஷின் மட்டும் உழைத்துக்கொண்டிருந்தால் நல்லாவா இருக்கும்? அவர் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் மறுநாள் காலையில் அலமாரியைத் திறந்து, மூன்று சுவிட்சையும் இடமிருந்து வலமாக அணைத்தான். ஈரத்துணி படாமல், உலர்ந்த துணியால் பதமாகத் துடைத்தான். ஒவ்வொரு சுவிட்சுக்குக் கீழேயும் சின்னதாகப் பொட்டு வைத்தான். சூடம் காட்டி முடிந்ததும் ரெங்கசாமியும் மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, நல்ல நேரம் தப்பாமல், இடமிருந்து வலமாகப் போட்டான்.

பன்னிரண்டு முதலில் ஏறியது. சத்தமும் இல்லை, புகையும் இல்லை. அலமாரி முகப்பில் எப்போதும் எரிகிற சிவப்பு எண்கள் வரவே இல்லை.

லோகன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அழுதான். திருச்செல்வம் கேட்டது ஒன்றே ஒன்று. “எத மொதல்ல போட்ட?”

“இடது பக்கத்துலேர்ந்துண்ணே... அப்படித்தானே எல்லாத்தையும் போடுவாங்க?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஆமாம், அப்படித்தான் எல்லோரும் போடுவார்கள்.

சற்று நேரத்தில் ரெங்கசாமி கூப்பிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. லாபம் பார்க்கிறவர், கோபக்காரர், அதற்கு மேல் ஒன்றுமில்லை. லோகனை என்ன செய்வது என்று அவரே அதுவரை முடிவு செய்யவில்லை. “செல்வம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத தொடக்கூடாதுன்னு நீ இவன்கிட்ட சொல்லியிருந்தியா இல்லையா?”

சொல்லாமல் இருந்தது எத்தனையோ. கேட்டது இந்த ஒன்றைத்தான். “தொடாதன்னு சொல்லியிருந்தேன் பாஸ்,” என்றார் திருச்செல்வம்.

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அந்த உண்மையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ரெங்கசாமி அன்றைக்கே, மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவில், எல்லோர் முன்னாலும் லோகனை வெளியே போகச் சொன்னார். சொன்ன பேச்சு கேட்காதவனுக்கு இங்கே வேலை இல்லை என்றார். லோகன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

இராஜம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “நீங்க ஒரு வார்த்த பேசினா பாஸ் அவன எடுத்துக்குவாரு இல்ல?” என்று கேட்டார்.

“மெஷின் செத்துக் கிடக்கறப்ப என்னத்த பேசறது? மொதல்ல அது ஓடட்டும். ஓடினப்புறம் நான் சொன்னா கேப்பாரு,” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. லோகனுக்கும் போனில் அதையே சொன்னார். “கொஞ்சம் பொறுத்துக்கடா. நான் பாத்துக்கறேன்.” அவன், “நீங்க ஒடம்பப் பாருங்கண்ணே. ஜெஞ்சாரோம்லயே ஒரு வேல கெடச்சிருக்கு,” என்றான். என்ன வேலை என்று திருச்செல்வம் கேட்டுக்கொள்ளவில்லை.

ரெங்கசாமி ஷா ஆலமிலிருந்து ஒரு கம்பெனியைக் கூப்பிட்டுப் புது கண்ட்ரோலர் போட எவ்வளவு என்று கேட்டார். அவர்கள் சொன்னதைக் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். சேம்பரையே மூடிவிடலாம் என்று பேச்சு கிளம்பியது. திருச்செல்வம் வீட்டுக்கு வந்த கையோடு, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் சில்லைத் தேடக் கிளம்பினார்.

ஜாலான் பாசார் தெருவில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற கடை கடையாக ஏறி இறங்கினார். சிலர் அந்தப் பெயரைக் கேட்டதும் சிரித்தார்கள். ஒரு கடையில் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார்கள். பெயரும் எண்ணும் அச்சுக் கொட்டினாற்போல் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தின்னரில் நனைத்த பஞ்சால் துடைத்தார். மேலே இருந்த எழுத்து முழுக்கப் பஞ்சோடு வந்துவிட்டது. அடியில் வேறு ஏதோ சில்லின் பழைய எழுத்து. சுரண்டித் தேய்த்து மறுபெயர் அடித்து விற்கிற கள்ளச் சரக்கு.  கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரன் தோளைக் குலுக்கினான்.

பிறகு பழைய இரும்புக் கடைகள். வெள்ளைப் பீங்கானில் தங்க மூடி போட்ட பழைய சில்லுகளை எல்லாம் தங்கத்துக்காக எப்போதோ உருக்கிவிட்டார்கள் என்றும், மிச்சத்தை அலமாரியில் கண்ணாடிக்குள் வைத்து அழகு பார்க்கிறவர்கள் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றும் சொன்னார்கள். கடைசியில் பூச்சோங்கில், கடை முதலாளியான ஒரு சீனத் தவுக்கேயின் கொட்டகையில், லோரியை எடை போடுகிற பழைய எடைப்பாலம் ஒன்றின் பெட்டி கிடந்தது. மூடியைக் கழற்றினார். உள்ளே நாற்பது காலோடு அதேதான். கறுப்புப் பிளாஸ்டிக், முதுகெல்லாம் தூசி. அமெரிக்காக்காரன் வரைந்தது என்றாலும் வயிற்றுப் பக்கம் ‘மலேசியா’ என்று பொறித்திருந்தது. அந்தக் காலத்தில் அவற்றில் பலவற்றுக்குக் கால் பொருத்தி மூடி போட்டு அனுப்பியது பினாங்குப் பக்கத்துப் பெண்பிள்ளைகள்தான். திருச்செல்வம் ஸ்க்ரூடிரைவரால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெல்ல மெல்ல நெம்பி, ஒரு கால்கூட வளையாமல் எடுத்தார். கால்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துலக்கினார்.

அலமாரியில் பொருத்தினார். நடு சுவிட்ச், வலது, இடது. சிவப்பு எண்கள் வந்தன. ரெங்கசாமி அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “யப்பா, நீ இல்லன்னா என்னப்பா ஆயிருக்கும்!”

இத்தனை வருடம் அவர் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான். கேட்டபோது வாயில் கசந்தது. பாராட்டு முடிந்து எல்லோரும் கலைந்ததும் ரெங்கசாமியின் அறைக்குப் போனார். அவர் உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை.

“பாஸ், லோகன் மேல தப்பு இல்ல. அந்த மூணு சுவிட்சுக்கு ஒரு வரிச இருக்கு. அத நான் யாருக்கும் சொல்லல. லேபிளும் ஒட்டல. அவன் கேட்டான், அப்பவும் சொல்லல.”

“ஏன் சொல்லல?”

“சொல்லிட்டா என்ன வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு.”

ரெங்கசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இல்லை என்று மறுப்பார் என்று திருச்செல்வம் ஒரு நொடி எதிர்பார்த்தார். “அனுப்பியிருப்பேன்தான்,” என்றார் அவர், கோபமே இல்லாமல். “சரி, லேபிள் ஒட்டு. அவன வரச் சொல்லு. மத்தத வருஷக் கடைசில பாத்துக்கலாம்.”

அந்த ‘மத்தது’ என்ன என்று திருச்செல்வத்துக்குப் புரிந்தது. ஆச்சரியமாக, பயமே வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மூன்று லேபிளையும் தானே எழுதி ஒட்டினார். இராஜம்மாவுக்குப் போன் செய்து லோகனைக் கூட்டி வரப் போகிறேன் என்றார். போகிற வழியில் பிள்ளைகளுக்கென்று கேக் வாங்கினார்.

ஜெஞ்சாரோமில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய கம்பத்துக் குடியிருப்பில் லோகன் வீடு. காற்றில் பிளாஸ்டிக் எரிகிற வாடை. வெளியே மோட்டார் நின்றது. மலர் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

“வாங்கண்ணே. நீங்க ஒருத்தர்தான் வந்து பாக்கறீங்க.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே நாற்காலியில் லோகன் இருந்தான். வலது கை மணிக்கட்டு வரை வெள்ளைத் துணியால் கட்டியிருந்தது. கட்டின் நுனி மொட்டையாக, இருக்க வேண்டிய நீளத்துக்கு இல்லாமல் இருந்தது.

அவனுக்குக் கிடைத்த வேலை, வெளிநாட்டிலிருந்து வருகிற பிளாஸ்டிக் குப்பையை அரைக்கிற கொட்டகை. போன வாரம் அரவை மெஷின் அடைத்துக்கொண்டதாம். கையை விட்டு இழுத்திருக்கிறான். யாரோ அந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். நான்கு விரலும் போய்விட்டது. கொட்டகைக்காரன் மறுநாளே பூட்டிவிட்டு ஆளைக் காணோம்.

“ஏன்மா என்கிட்ட சொல்லல?” என்றார் திருச்செல்வம். 

“அவருதான் சொல்லாதன்னுட்டாருண்ணே. அண்ணன் ஹார்ட்டு பேஷன்ட்டு, கேட்டா தாங்க மாட்டாருன்னு.”

லோகன் எழுந்திருக்கப் பார்த்தான். திருச்செல்வம் ஓடிப் போய்த் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். அவன் முதலில் கேட்டது, “மெஷின் ஓடுதாண்ணே?”

“ஓடுதுடா.”

அவன் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது, அதைப் பார்க்கத்தான் திருச்செல்வத்தால் முடியவில்லை. “அப்பாடா. சாமி மன்னிச்சிருச்சுண்ணே. நீங்க தொடாதன்னு சொல்லியும் தொட்டேன். பூசை அன்னிக்கே மெஷின கொன்னுட்டேன். சாமி குத்தம். அதான் கைய எடுத்துக்கிச்சு. எடுத்துக்கிட்டு அதுக்கு உசுரு குடுத்துருச்சு, பாத்தீங்களா? மலரு தினம் அழுவறா. நான்தான் சொல்றேன், அழுவாத, இதோட முடிஞ்சிருச்சுன்னு.”

கேக் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு திருச்செல்வம் நின்றார். பேசாமல் இருந்துவிடலாம். அந்த நம்பிக்கையோடு இவன் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மனசு கேட்கவில்லை. இவனிடம் இனியும் மறைத்தால் தான் மனுஷனே இல்லை என்று தோன்றியது. அது லோகனுக்காகத் தோன்றியதா, தன் பாரம் இறங்கத் தோன்றியதா என்று அந்த நேரத்தில் யார் நின்று யோசிக்கிறார்கள்?

“சாமி குத்தம் இல்லடா. என் குத்தம். நடுவுல உள்ளத மொதல்ல போடணும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரில நீ வந்தப்பவே சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. என் வேல போயிரும்னு பயந்து சொல்லல. பாஸ் கேட்டப்பவும் சொல்லல. இன்னிக்கித்தான் எல்லாத்தையும் சொன்னேன். உன்ன வேலைக்கு வரச் சொல்லிட்டாரு...”

வேலைக்கு என்று சொன்னதும் அவருக்கே அந்தக் கட்டுப்போட்ட கை கண்ணில் பட்டது. நிறுத்திக்கொண்டார்.

மலர் சுவரில் சாய்ந்து நின்றாள். “இத அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா?” என்று கேட்டாள். சத்தமாகக்கூட இல்லை. 

லோகன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து, நல்ல கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தான்.

“சாமி எடுத்துக்கிச்சுன்னு நெனச்சதால ராத்திரி தூக்கம் வந்துச்சுண்ணே,” என்றான் கடைசியில். “இப்ப நீங்கன்னு சொல்றீங்க. சாமின்னா கும்பிட்டுக்கிட்டுப் போயிரலாம். உங்கள நான் என்னண்ணே பண்றது?”

திருச்செல்வம் அவன் காலில் விழப் போனார். அவன் காலை இழுத்துக்கொண்டான். மலர் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கேக்கை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினார். போய்ட்டு வாங்க என்று அவள் சொல்லவில்லை.